முதலில் தாயிடம் சொன்னார்

பெற்ற தாயைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஒருத்தியை வீட்டோடு வைத்திருப்பது நான்காம் கட்டளையைக் கைக்கொள்வதாகுமா, கைகழுவுவதாகுமா? பரந்தனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாலும் அது என்னைப் பற்றிய கேள்விதான் என்பது இருவருக்கும் தெரியும். என் பெரியம்மாவுக்கு அப்படி ஓர் ஆளைத் தேடி வைத்தவன் நான். "காலம் அப்படி, ரீச்சர்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். காலத்தின் மேல் பழியைப் போடுவது பதிலாகாது. ஆகவே அக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சற்று ஆறுதலாக எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பெரியம்மாவுக்கு இப்போது 84 வயது. 1960களில் மணமாகிப் பரந்தனுக்கு வந்தவர். பெரியப்பாவுக்கு இரசாயனத் தொழிற்சாலையில் வேலை. எரிசோடாவும் குளோரினும் செய்த அந்தத் தொழிற்சாலை போர் காரணமாக 1980களின் நடுப்பகுதியில் நின்றுபோயிற்று. 1996இல் கிளிநொச்சியைப் படையினர் பிடித்தபோது குடும்பம் அக்கராயனுக்கும் பிறகு மல்லாவிக்கும் போயிற்று. திரும்பி வந்து கூரை போட்டார்கள். 2008 கடைசியில் மீண்டும் மூட்டை கட்டினார்கள். 2009 சனவரி முதலாம் திகதி பரந்தன் படையினர் வசமானது. அதற்குப் பின் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போன அந்தப் பாதையை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரியப்பா செட்டிகுளம் முகாமிலே கண்ணை மூடினார். பெரியம்மா தனியாக வந்து, இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவோடு பிள்ளைகள் அனுப்பியதையும் சேர்த்து, பழைய கிணற்றடியிலேயே வீட்டைக் கட்டி முடித்தார்.

ஒரு மார்கழி மழையில் அந்தக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது, நடைச்சட்டத்தைப் பிடித்து நாலடி வைப்பதற்கே பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. மூத்தவர் கனடாவில், இளையவர் சுவிற்சர்லாந்தில், மகள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகளோடும் பாடசாலையோடும் மல்லாடுகிறவர். ஐந்து இரவுகள் வட்ஸ்அப்பில் கூடிப் பேசினோம். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போவதா, கொழும்பில் வீடு எடுப்பதா, முதியோர் இல்லமா, வீட்டோடு ஆளா? ஒவ்வொன்றுக்கும் செலவுக் கணக்குப் போட்டோம். ஊர் என்ன சொல்லும் என்பதையும் கணக்கில் சேர்த்தோம். ஆறாம் நாள் முடிவைச் சொல்லப் போனபோது பெரியம்மா சொன்னார்:

"என்னை எத்தினை தரம் எழுப்பிக்கொண்டு போனவங்கள். இனி நான் எழும்பிப் போறதெண்டால் சேமக்காலைக்குத்தான், தம்பி."

ஐந்து இரவுகளில் ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வேறிடத்திலே ஒரு முதியவர் வீட்டை விட்டு வரமாட்டேன் என்றால் பிடிவாதம் என்று சொல்லலாம். வன்னியில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே ஒரு கிழவி தன் முற்றத்தில் சாவதென்பது, மூன்று தரம் தட்டிப் பறிக்கப்பட்டு நாலாந்தரம் கைக்கு வந்த ஒன்று. நல்ல எண்ணத்தோடு செய்தாலும், அவரைக் கேளாமல் காரில் ஏற்றினால் அதுவும் ஓர் இடப்பெயர்வுதான். முதியோர் இல்லங்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவருமற்ற முதியோருக்கு அவை ஆண்டவர் திறந்த கதவு. ஆனால் போகிறவர் தாமே சம்மதித்துப் போக வேண்டும்.

இனி ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். நம் பாட்டிமார் காலத்தில் முதியோரை வீட்டிலே பார்த்தார்கள் என்று பெருமூச்சு விடுகிறோம். உண்மைதான். யார் பார்த்தார்கள்? பெரும்பாலும் மருமகள், அல்லது கலியாணம் ஆகாமல் வீட்டில் தங்கிவிட்ட ஒரு பெண். அவளுக்கு விருப்பமா என்று எவரும் கேட்டதில்லை. அவள் பட்ட பாட்டுக்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை. இன்று குடும்பம் சிறுத்துவிட்டது, பிள்ளைகள் சிதறிவிட்டார்கள், ஆயுள் நீண்டுவிட்டது. 1981இல் இலங்கையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேரளவில் இருந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் அது பன்னிரண்டுக்கு மேலாயிற்று. பழைய ஒழுங்கு எல்லாம் தருமமாக இருந்ததென்று எண்ணிக்கொண்டு இன்றைய ஒழுங்கை அதர்மம் என்று தள்ள முடியாது.

சட்டமும் ஒரு எல்லை வரையில் பேசுகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்கு விதிக்கிறது. தம்மால் வாழ முடியாத பெற்றோர் பராமரிப்புப் பணம் கேட்டுச் சபையிடம் முறையிடவும் வழி உண்டு. சட்டத்தால் பணத்தைப் பெற்றுத்தர முடியும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளை அனுப்ப முடியாது.

சுவிற்சர்லாந்தில் இருக்கும் எங்கள் மருமகளின் வேலை என்ன தெரியுமா? ஒரு முதியோர் இல்லத்தில் மூதாட்டிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டுவது. அயலார் தாயைக் கழுவித் துடைத்து உழைக்கிற காசில் ஒரு பங்கு பரந்தனுக்கு வருகிறது, சொந்த மாமியாரை வேறொரு பெண் கழுவித் துடைப்பதற்கு. அந்தப் பெண்ணின் தாயைத் தருமபுரத்தில் பார்ப்பது பன்னிரண்டு வயதுப் பேத்தி. வென்னப்புவை, சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் எத்தனையோ பேர் இத்தாலியில் வீடுகளில் தங்கி முதியோரைப் பார்க்கிறார்கள். பராமரிப்புப் பயிற்சி பெற்றவர்கள் பலர் இஸ்ரேலுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இன்னொரு வீட்டின் முதியவருக்காக எழும்பிப் போகிறார். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவர் எப்போதும் மிக ஏழையான வீட்டின் பிள்ளை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே பேச வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தவர் தருமபுரத்துப் பெண். வயது 38, கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவருடைய தகப்பனும் தாயும் 1977 கலவரத்துக்குப் பின் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு ஓடி வந்தவர்கள். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த அந்த மக்களை நாம் எப்படி வரவேற்றோம்? அவர்களின் கூலியில் நம் வயல்கள் விளைந்தன. பத்துப் பன்னிரண்டு வயது மலையகப் பிள்ளைகளை வீட்டுவேலைக்கென்று கூட்டி வந்து, அடுப்படியில் படுக்கவைத்து, பெயரைக்கூட மாற்றிக் கூப்பிட்ட வீடுகள் வடக்கில் உண்டு. அவற்றில் சில வீடுகளின் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும் தொங்கியது. பழங்கதை என்று சொல்லிவிட ஆசைதான். அந்தப் பெண் வந்து மூன்றாம் நாள் நான் போனபோது, அவருக்கென்று ஒரு பிளாஸ்ரிக் கோப்பை தனியே கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்டேன். வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவரே வைத்திருக்கவும் கூடும். முன்பு வேலை செய்த வீடுகள் அப்படிப் பழக்கியிருக்கும். அக்கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்று ஒரு நினைப்பு வேறு.

ஏனென்றால் அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றை அப்போதும் செய்துகொண்டுதான் இருந்தேன். மாதம் 35,000 ரூபாவும் சாப்பாடும் என்று பேசியிருந்தேன். நல்ல சம்பளம் என்றே ஊரில் சொன்னார்கள். எத்தனை மணி நேரத்துக்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டோடு நிற்கிறவருக்கு நேரமேது? மாதத்தில் 720 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐம்பது ரூபாகூட இல்லை. கடையில் ஒரு பிளேன்ரீக்குக் கொடுக்கிற காசு. "இரவில் நித்திரைதானே கொள்ளுகிறாள்" என்பது நம் வழக்கமான சமாதானம். இதே சமாதானம் ஜெர்மனியில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பேர்லினில் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் வீட்டில் தங்கிப் பராமரித்த பல்கேரியப் பெண்ணுக்கு, ஒப்பந்தப்படி வாரம் 30 மணி நேர வேலை. உண்மையில் இரவும் பகலும் கூப்பிட்டால் எழும்ப வேண்டிய நிலை. 2021 யூன் மாதம் அந்நாட்டின் தொழில் உச்ச நீதிமன்றம், கூப்பிட்டால் எழும்பக் காத்திருக்கும் நேரமும் வேலைநேரமே, அதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்று தீர்த்தது. சர்வதேச தொழில் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் உடன்படிக்கையும், வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், அந்த ஓய்வை அந்த வீட்டிலேயே கழிக்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் வாசித்தேன். வாசித்ததனால் திருந்தினேன் என்று சொல்ல முடியாது.

நடந்தது வேறு. நாலாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்: "ஐயா, அம்மாவுக்குக் காய்ச்சல் கொறையல. நாளைக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழம பின்னேரம் வந்துர்றேன்." என் வாயில் வந்த முதல் வார்த்தை, "அப்ப இங்கை ஆர் பார்க்கிறது?" என்பதுதான். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "அதுக்கும் ஒரு தாய் இருக்கடா. போகட்டும்."

அந்த இரண்டு இரவும் நான் அங்கே படுத்தேன். முதல் இரவு பெரியம்மா ஐந்து தரம் எழும்பினார். ஒரு தரம் தண்ணீருக்கு. மூன்று தரம் கழிப்பறைக்கு. ஒவ்வொரு தரமும் எழுப்பி, இருத்தி, சட்டத்தைப் பிடிக்கச் செய்து, திரும்பக் கொண்டுவர அரைமணி நேரம். ஒரு தரம் வெறுமனே, ஆளிருக்கிறதா என்று பார்க்க. என்னைக் கழிப்பறை வரை துணைக்கு வர விட்டார். அதற்கு மேல் விடவில்லை. பெண்பிள்ளையில்லாமல் அவர் பட்ட கூச்சத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு என் பொறுமை போய்விட்டது. "என்ன பெரியம்மா, இப்பதானே போனனீங்கள்" என்று எரிந்து விழுந்தேன். பதில் இல்லை. பிறகு விடியும்வரை அவர் கூப்பிடவே இல்லை. படுக்கை நனைந்திருந்ததை விடிந்த பிறகே கண்டேன்.

பெற்ற பிள்ளைதான் அன்பாகப் பார்க்கும், கூலிக்கு வந்தவருக்கு அன்பிராது என்கிறோம். அந்த இரவுக்குப் பின் அப்படி உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. எங்களைத் தூக்கி வளர்த்தவர் இப்படித் தளர்ந்து போனாரே என்ற துக்கம் எங்களிடத்தில் கோபமாக மாறி வருகிறது. தருமபுரத்துப் பெண்ணுக்கு அந்தத் துக்கம் இல்லை. அவர் அறிந்தது இந்தத் தளர்ந்த பெரியம்மாவை மட்டுமே. ஆகவே இருக்கிறபடியே அவரை ஏற்றுக்கொள்கிறார். பெரியம்மாவும் எங்களிடம் பேசாத விடயங்களை அவரிடம் பேசுகிறார். 2009இல் பரந்தன் சனம் ஆயிரக்கணக்கில் தருமபுரத்து வளவுகளில் தறப்பாள் கட்டிக் கிடந்த கதையை நாங்கள் எடுத்தால், "விடுங்கோ அதை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெண்ணோடு மட்டும் இருட்டிலே மணிக்கணக்காக அதைப் பேசுகிறார். அன்று அவர் அந்த ஊரிலே இருந்தவர். கேட்டு அழுது ஆறுதல் சொல்ல வேண்டிய வெளியாள் அல்லர்.

ஆனாலும் எங்களிடம் மாத்திரம் இருப்பதும் ஒன்று உண்டு. பெரியம்மா கோவில் பாடகர் குழாமில் முப்பது வருடம் பாடியவர், பயற்றம் பணியாரத்துக்குப் பேர் போனவர், கணக்கில் ஒரு சதம் பிசகினால் நித்திரை கொள்ளாதவர் என்பதெல்லாம் வந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? மருந்துச் சிட்டையைக் கொடுத்த நான் இவற்றைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவரும்போது பெரியம்மா ஏன் காலையிலிருந்தே பதகளிப்படுகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் விடயம். மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சொன்ன பிறகு அது தீர்ந்தது. ஆளை வைக்கிறவர்கள் ஆளின் கதையையும் ஒப்படைக்க வேண்டும்.

இடையில் ஒரு கமரா விவகாரமும் வந்தது. கனடாவிலிருக்கும் மூத்தவர் அனுப்பிவைத்தார். கட்டிலுக்கு நேரே பூட்டினோம். பிறகு நடுச்சாமத்தில் தொலைபேசி: "ஏன் பதினொரு மணி மட்டும் சாப்பாடு குடுக்கேல்லை?" ஒரு கிழமையில் இரண்டு பெண்களும் அந்த அறையில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். உடை மாற்றுவதையும் துடைத்துவிடுவதையும் கடல் கடந்து ஆர் பார்க்கிறார்கள் என்று தெரியாத கூச்சம். தூரத்தில் இருப்பவரின் பயம் எனக்கு விளங்குகிறது. முதியவரை அடித்தவர்களும் நகையோடு போனவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நேரான மருந்து, ஒருவரும் சொல்லாமல் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிற உறவும் அயலும்தான். கமரா இப்போது படலையைப் பார்த்து நிற்கிறது. மூத்தவருக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல்.

கல்வாரியில் இயேசுநாதர் தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்ததைப் பெரிய வெள்ளிக்கிழமைதோறும் யோவானின் நற்செய்தியில் கேட்கிறோம். அந்தச் சீடர் மரியாளின் வயிற்றில் பிறந்தவரல்லர். தம்மால் இனி இயலாததை மகன் வேறொருவரிடம் கையளித்தார்; அதை ஒருவரும் கைவிடுதல் என்று சொன்னதில்லை. ஆசிரியையிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஆனால் இந்தப் பகுதியை வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 19ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அவர் முதலில் பேசுவது சீடரோடல்ல. தாயிடம் சொல்லிவிட்டே சீடரிடம் சொல்கிறார். சிலுவையில் மூச்சுத் திணறும் வேளையிலும் அந்த ஒழுங்கு தவறவில்லை. நாங்களோ ஐந்து இரவு பேசிவிட்டு ஆறாம் நாள் தாயிடம் போனோம். இன்னுமொன்று: அங்கே இருவரும் ஒருவருக்கொருவர் கொடுக்கப்படுகிறார்கள். சீடருக்கும் ஒரு தாய் கிடைக்கிறார். தருமபுரத்துப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் என்ன கிடைத்தது என்று கேட்டால், நாலு மாதமாக 35,000 ரூபாவும் நித்திரையில்லாத இரவும்.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சில் ழான் யுகான் என்ற ஏழைப் பெண், பார்வையிழந்து நோயுற்ற ஒரு விதவையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் தொடங்கிற்று. 2009 ஒக்ரோபரில், எங்கள் சனம் செட்டிகுளம் முகாம்களில் இருந்த வேளையில், அவர் புனிதராகப் பிரகடனப்படுத்தப்பட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துபோவது, அவரும் பல வருடங்கள் பிறர் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்தவர், முதிய சீமாட்டி ஒருவரின் வீட்டில் தங்கிப் பணிவிடை செய்தவர் என்பதை. சம்பளம் வாங்கியதால் அவர் செய்த பணிவிடை அன்பற்றதாகிவிடவில்லை. சம்பளத்தைப் பிடித்துவைத்தாலோ குறைத்தாலோ அன்பு கூடப்போவதுமில்லை. "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சொல்லிக்கொண்டு சம்பளத்தைப் பின்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வீட்டுப் பிள்ளைக்குக் காணியில் பங்கு கொடுப்பார்கள்; இவருக்குக் கொடுப்பார்களா?

ஊர்க்கோவில் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் அனுப்பிவிட்டு, தாயைப் பார்க்கிறவரின் சம்பளத்தில் இரண்டாயிரம் குறைக்கப் பேரம் பேசுகிற பிள்ளைகளுக்கு, மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைச் சிபாரிசு செய்கிறேன். பெற்றோருக்குரியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கு அங்கே கிடைத்த பதில் கடுமையானது.

இப்போது எங்கள் வீட்டில் சில விடயங்கள் மாறியிருக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சம்பளம் கூட்டப்பட்டு அவருடைய பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்துக்கே போகிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் முதுகு நோகாமல் ஆளைத் தூக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்கள். இரவில் பக்கத்து வீட்டுப் பெண் கிழமையில் இரண்டு நாள் வந்து படுக்கிறார். அவருக்கும் காசு கொடுக்கிறோம். சனி மத்தியானம் முல்லைத்தீவு பஸ்ஸில் தருமபுரம் போகிறவர் ஞாயிறு பின்னேரம் திரும்புகிறார். அந்த இரவுகளுக்கு மகள் ஆனையிறவைத் தாண்டி வர வேண்டும் என்று ஒழுங்கு. மூன்று தரம் வந்தார், இரண்டு தரம் வரவில்லை. பரீட்சை, பிள்ளைக்குக் காய்ச்சல். வராதபோது நான் போகிறேன், என் மனைவியும் கூட வருகிறார். கூச்சப் பிரச்சினை அதனால் பாதி தீர்ந்தது. போன கிழமை அந்தப் பெண் ஞாயிறு வரவில்லை, திங்கள் காலைதான் வந்தார். "ஏன் பிந்தினது?" என்று கேட்க வாயெடுத்தேன். பெரியம்மா முந்திக்கொண்டு, "தாய்க்கு இப்ப எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

வருகிற சனிக்கிழமையும் எங்கள் முறைதான்.